டெல்டா ஈரத்தில் அலுமினிய விமானத்துக்கு எந்த பிரைமர்? பெயிண்ட் கடை டப்பாவிலிருந்து எபாக்ஸி வரை ஓர் அலசல்

கிட் (பாகங்களாக வரும் தொகுப்பு) வாங்கி வீட்டிலேயே சிறிய விமானம் கட்டுபவர், கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பெயிண்ட் கடையில் போய் "அலுமினியத்துக்கு பிரைமர் வேணும்", அதாவது அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு வேணும் என்று கேட்டால் மேசைமேல் மூன்று டப்பா வரும். ஒன்று ரெட் ஆக்சைடு. இன்னொன்று மஞ்சள் ஜிங்க் குரோமேட். மூன்றாவது, கார் பெயிண்டிங் பட்டறைக்குப் போகும் 2கே (இரண்டு பாகம் கலக்கும்) சர்ஃபேசர். ஜன்னல் கம்பிக்கும் டிராக்டர் மட்கார்டுக்கும் இவை தாராளமாகப் போதும். 0.8 மி.மீ. தகட்டை ரிவெட் அடித்து மூடிவிட்டு, அப்புறம் இருபது முப்பது வருஷம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத விமானப் பாகங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் தேறும். அதுவும் பாதி மனதோடு.

டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் முன் கையில் இருக்கும் தகடு எது என்று தெரிய வேண்டும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசைக் கிட் என்றால் பெரும்பாலும் 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் ஆன ஆல்கிளாட். இந்தக் கலவையில் சுமார் 4.4 சதவீதம் செம்பு. பலம் தருவதும் செம்புதான், அரிப்பை அழைத்து வருவதும் செம்புதான். அதனால் இரண்டு பக்கமும் தூய அலுமினியத்தைப் போர்வை போல ஏற்றி உருட்டுகிறார்கள்; ஆல்கிளாட் என்பது அதுதான். மெல்லிய தகடுகளில் பக்கத்துக்கு 5 சதவீதம். அதாவது 0.81 மி.மீ. தகட்டில் போர்வையின் கனம் 40 மைக்ரான், ஒரு தலைமுடியைவிடக் கம்மி. நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் போர்வை போய்விட்டது என்றே வையுங்கள். தகட்டின் விளிம்பிலும், துளையிட்ட ஒவ்வொரு ஓட்டையின் உள்சுவரிலும் போர்வை கிடையவே கிடையாது.

ஜெனித் நிறுவனத்தின் கிட் என்றால் 6061-டி6 கலவை. போர்வை இல்லை, ஆனால் செம்பு மிகக் குறைவு. இயல்பிலேயே தாங்கும் உலோகம். இதை வைத்திருப்பவர்கள் கீழே சொல்வதில் பாதியைத் தளர்த்திக்கொள்ளலாம், மூட்டுகளை மட்டும் தவிர.

"ஆல்கிளாட் தகட்டுக்கு பிரைமரே தேவையில்லை, பழைய செஸ்னா விமானங்களைப் பாருங்கள்" என்று வாதிடுபவர்கள் உண்டு. உண்மைதான். அந்தக் காலச் சிறிய செஸ்னாக்களில் பெரும்பாலானவை உள்ளே பூச்சே இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வந்தவை. நீரில் இறங்கும் மிதவை விமானமாகக் கேட்டு வாங்கினால்தான் உள்பூச்சு. வறண்ட ஊரில் நின்றவை இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் அந்தக் கணக்கு எடுபடாது. வேதாரண்யத்தில் உப்பளமே காற்றில் இருக்கிறது. 1988 ஏப்ரலில் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737-இன் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனதே, அங்கேயும் வினை தொடங்கியது தகடும் தகடும் மேல்படிந்த மூட்டில்தான். ஒட்டு விட்டுப்போன இடுக்கில் அரிப்பு, அதன்மேல் உலோகச் சோர்வு. உப்புக் காற்றில் நாளெல்லாம் ஏறி இறங்கிய விமானம் அது.

ஆகவே பிரைமர் எங்கே வேண்டும் என்றால், முதலில் தகடும் தகடும் ஒட்டும் முகங்களில்: ரிப் (இறக்கையின் விலா) விளிம்பு, ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்புச் சட்டம்) ஃபிளாஞ்ச், ஸ்ட்ரிஞ்சர் (தகட்டைத் தாங்கும் நீளப் பட்டை) படியும் கோடு. அப்புறம் போர்வை இல்லாத ஆங்கிள், பட்டை. அப்புறம் வால் பகுதி போல மூடிய பிறகு கை நுழையாத பெட்டிகள். திறந்த, கண்ணில் படும், துடைக்க முடிகிற ஆல்கிளாட் பரப்பை அப்படியே விட்டால் குடி முழுகிவிடாது.

இனி டப்பாக்கள்.

ரெட் ஆக்சைடைப் பற்றி இரண்டு வரி போதும். இரும்புக்காக உருவான பூச்சு, தடிமனாக ஏறும், அலுமினியத்தில் பிடிப்பு இல்லை. பழைய ஸ்டாக்கில் ஈயச் செந்தூரம் கலந்த ரெட் லெட் கிடைத்தால் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஈயமும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் பேட்டரிதான், அலுமினியம் அரிந்துபோகும். 2கே சர்ஃபேசரும் வேண்டாம். அது தேய்த்து மட்டப்படுத்துவதற்காக டால்க் நிரப்பிய பூச்சு. எடை ஏறும், ஈரத்தைக் குடிக்கும், அரிப்பைத் தடுக்கும் சரக்கு அதில் பேருக்குத்தான். பட்டறைக்காரர் "கார் போனெட்டுக்கே இதைத்தான் அடிக்கிறோம்" என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் போனெட்டில் அதன் அடியில் தொழிற்சாலையில் மின்சாரம் பாய்ச்சி ஏற்றிய எலெக்ட்ரோகோட் அடிப்பூச்சு இருக்கிறது.

மஞ்சள் ஜிங்க் குரோமேட், ஐஎஸ் 104 (இந்தியத் தர எண்) முத்திரையோடு வருவது, பாதி மனதோடு தேறுவது. ஈரம் உள்ளே நுழையும்போது குரோமேட் கொஞ்சமாகக் கரைந்து வந்து உலோகத்தை மந்தப்படுத்தும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் உட்புறத்தில் காணும் மஞ்சள் பச்சை நிறம் இந்தக் குடும்பம்தான். குறை என்னவென்றால் இதைச் சுமக்கும் பிசின் ஆல்கைட், சாதாரண எனாமல் பெயிண்டில் இருப்பது. பெட்ரோல் பட்டால் இளகும், தின்னர் துணி பட்டால் துடைத்துக்கொண்டு வரும், வழவழப்பான போர்வைமேல் நகத்தால் சுரண்டினாலே உரியும். பிரஷ்ஷில் அடித்தால் கனம் ஒரே சீராக இராது. ஆங்கிள் துண்டுகளுக்கும் சின்ன பிராக்கெட்டுக்கும் சரி, இறக்கைக்கு வேண்டாம். நிறத்தை நம்பாமல் லேபிளில் குரோமேட் என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

வாஷ் பிரைமர், செல்ஃப் எட்ச் என்றும் சொல்வார்கள். பாலிவினைல் பியூட்டிரால் பிசினோடு பாஸ்பாரிக் அமிலம். அமிலம் உலோகத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். சுமார் 10 மைக்ரான்தான் ஏறும், எடை அற்பம், கால் மணியில் காயும். வீட்டில் விமானம் கட்டுபவர்கள் உலகெங்கும் விரும்புவதற்கு இந்தச் சௌகரியமே காரணம். டெல்டாவில் இதற்கு இரண்டு வில்லங்கம். ஒன்று, படலம் நுண்துளை உள்ளது. மேலே இன்னொரு பூச்சு ஏறும் என்ற கணக்கில் உருவானது. தனியாக விட்டால் ஈரத்தைத் தடுக்காது. இரண்டு, இதில் இருக்கும் ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். வெளுத்த இடத்தில் பிடிப்பு போச்சு. சரி, மேலே எபாக்ஸி அடித்துவிடலாமே என்றால், மிஞ்சிய அமிலம் எபாக்ஸியை இறுகவைக்கும் அமீன் ஹார்டனரைக் கெடுக்கும் என்று பல உற்பத்தியாளர்கள் தடுக்கிறார்கள். டேட்டா ஷீட் (உற்பத்தியாளர் தரும் விவரத்தாள்) வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய இந்த இரண்டையும் சேர்க்காதீர்கள். ஸ்ப்ரே டின்னில் வரும் எட்ச் பிரைமர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது: ரிவெட் அடிக்கும்போது விழும் கீறலுக்கு ஒரு பூச்சு, அவ்வளவே அதன் வேலை.

மிஞ்சுவது இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பாலிஅமைடு. இந்த மண்ணுக்கு இதுதான். விமானத் தரத்தில் கேட்டால் அமெரிக்க ராணுவத் தர எண்கள் இரண்டு: மில்-பிஆர்எஃப்-23377 என்பது தின்னரில் கரைந்தது, 85582 என்பது நீர் கலந்தது. லேபிளில் கிளாஸ் சி என்றால் குரோமேட் உண்டு, கிளாஸ் என் என்றால் இல்லை. 23377 தேற வேண்டுமானால் கீறிய தகட்டை உப்பு மூடுபனியில் 2000 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். காய்ந்த கனம் 15 முதல் 23 மைக்ரான். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை வரவழைப்பதில்தான். தீப்பிடிக்கும் திரவம் என்பதால் சாதாரண விமானப் பார்சலில் வராது. கப்பலில் வந்து, துறைமுகத்தில் வெயில் காய்ந்து, கைக்கு வரும்போது ஆயுளில் பாதி போயிருக்கும். வாங்கும் முன் உற்பத்தித் தேதியைக் கேளுங்கள். ஸ்டூவர்ட் சிஸ்டம்ஸின் எகோபாக்ஸி போன்ற நீர்கலப்பு எபாக்ஸிகளின் வாடை குறைவு, தீ பயம் குறைவு. ஆனால் அவற்றில் இருப்பது தண்ணீர். ஐப்பசியில் துணியே காயாத ஊரில் அது எப்படிக் காயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை அடிப்பதாக இருந்தால் பரவாயில்லை.

உள்ளூரில் கையில் கிடைப்பது படகுக்கும் தொழிற்சாலைக் கட்டுமானத்துக்கும் விற்கும் எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். பெரிய பெயிண்ட் கம்பெனிகளின் இண்டஸ்ட்ரியல் டீலரிடம் கிடைக்கும். தெருமுனைக் கடையில் கிடைக்காது. டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்கி, அடிப்பரப்பு என்ற இடத்தில் அலுமினியம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் வேண்டாம். ஜிங்க் ரிச் என்று இருந்தால் அதுவும் வேண்டாம், அது துத்தநாகத் தூள் நிரம்பிய இரும்புப் பூச்சு. இரும்பைத் தானே கரைந்து காப்பதற்கு வந்தது, அலுமினியத்தின்மேல் அதற்கு வேலையில்லை.

இந்த வகையின் ஒரே எதிரி கை கனம். ஷீட்டில் 50 மைக்ரான், 75 மைக்ரான் என்று இருக்கும். நமக்கு 20 போதும். காய்ந்த படலத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம் என்று வைத்தால், 20 மைக்ரானுக்கு சதுர மீட்டருக்கு 28 கிராம். உள்பரப்பு 60 சதுர மீட்டருக்கும் அடித்தால் 1.7 கிலோ. அதையே 50 மைக்ரானாகப் பூசினால் 4.2 கிலோ. ஒட்டும் முகங்கள் மட்டும் 20 சதுர மீட்டர் என்றால் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். சரியான கனத்துக்குக் கண்ணளவு ஒன்று உண்டு: மார்க்கர் பேனாவால் போட்ட கோடு பூச்சுக்கு அடியில் லேசாகத் தெரிய வேண்டும். முழுக்க மறைந்தால் அதிகம். (குறிப்பதற்குப் பென்சில் கூடாது. கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் கோடு போட்ட வழியே பள்ளம் விழும்.)

ஆலடைன், இப்போது ஹென்கெலின் பாண்டரைட் 1201 என்ற பெயரில் வருவது, பிரைமர் அல்ல. உலோகத்தின் தோலையே மாற்றும் குரோமேட் குளியல். அமிலத்தில் சுத்தம் செய்து, அலசி, இதில் இரண்டு மூன்று நிமிடம் ஈரம் காயாமல் வைத்து, மறுபடி அலசினால் வெளிர் தங்க நிறம் ஏறும். அதன்மேல் எபாக்ஸி பிடிக்கும் பிடிப்புக்கு ஈடில்லை. ஆனால் இதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவழைப்பது. அலசிய தண்ணீர் எங்கே போகும்? கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்றங்கால். ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கழிவை டிரம்மில் பிடித்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் ஒப்படைக்க வழி இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். துடைத்த துணியைத் தண்ணீரில் நனைத்துத் தனியே வையுங்கள்; அப்படியே காயவிட்டால் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. வீட்டுப் பட்டறைக்கு, நன்றாகத் தேய்த்த உலோகத்தின்மேல் நேராக எபாக்ஸி என்பதே எங்கள் சிபாரிசு.

தேய்ப்பது என்றால் மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட்டால், தண்ணீர் விட்டு, கையால். பளபளப்பு போய் மங்கினால் போதும், போர்வையைத் தின்னக்கூடாது. இரும்புக் கம்பிப் பஞ்சும் ஒயர் பிரஷ்ஷும் கூடவே கூடாது, இரும்புத் துகள் பதிந்து புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். கும்பகோணம் பக்கம் இன்னொரு எச்சரிக்கை: பித்தளைப் பாத்திரமும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் ஏறிய பஃபிங் சக்கரத்தில் விமானத் தகட்டை வைக்காதீர்கள். செம்புத் துகளை அழுத்தி ஊட்டுவதற்குச் சமம். மயில்துத்தம் கலந்த போர்டோ கலவை தெளிக்கும் கொடிக்காலுக்குப் பக்கத்துக் கொட்டகையும், பொட்டாஷ் மூட்டை அடுக்கிய உரக் கிடங்கும் பட்டறைக்கு ஆகாது. பொட்டாஷ் உரம் என்பதே குளோரைடு உப்பு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால் தகடுகளை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தெறித்த இடத்தில் அலுமினியம் பொங்கிக் கரையும்.

தேய்த்த பின் அலசும் தண்ணீரில்தான் இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். கடலோரத்து போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாத குளோரைடு படலம் தங்கும். அதன்மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எபாக்ஸி அடித்தாலும், உப்பு ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்து கொப்புளம் கிளப்பும். பூச்சு உடையாமலே உள்ளே வெள்ளைப் பூ பூக்கும். குற்றம் டப்பாவின் தலையில் விழும். முதல் அலசலுக்கு எந்த நல்ல தண்ணீரும் ஆகும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையளவு டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால் சந்தேகமில்லை. சில்வர் நைட்ரேட் கரைசல் கிடைத்தால் தகட்டிலிருந்து வழியும் நீரில் ஒரு சொட்டு விடுங்கள், பால்போல் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. பாத்திரம் கழுவும் ஜெல்லிலும் கெட்டிப்படுத்த உப்பு சேர்ப்பதுண்டு. சோப்பு போட்டால் இரண்டு மடங்கு அலசுங்கள். சலவை சோடா வேண்டாம், அலுமினியச் சட்டி சோடாவில் கறுப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே.

சுத்தமாயிற்றா என்று தண்ணீரே சொல்லும். தகட்டைச் சாய்த்துப் பிடித்து நீர் ஊற்றினால் ஒரே படலமாக வழிய வேண்டும். வாழையிலையில் போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பத் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. கைவியர்வையும் உப்புதான்.

அடிக்கும் நேரம். உலோகத்தின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலின் பொதுவிதி. 34 டிகிரி வெயில், 60 சதவீத ஈரம் என்றால் பனிநிலை 25, தாராளமாக அடிக்கலாம். 26 டிகிரி, 90 சதவீதம் என்ற கார்த்திகை மதியத்தில் பனிநிலை 24-ஐத் தாண்டிவிடும். இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. மார்கழிக் காலையில் இரவெல்லாம் குளிர்ந்த தகடு தானாகவே வியர்த்திருக்கும், தொட்டால்தான் தெரியும். காலை பத்துக்கு மேல், மாலை நாலுக்குள் வேலையை முடியுங்கள். ஈரத்தில் அடித்த எபாக்ஸியின்மேல் பிசுபிசுவென்று மெழுகு போல ஒரு படலம் எழும். அதைத் துடைக்காமல் அடுத்த கோட் ஏற்றினால் இரண்டும் தனித்தனியாக உரியும்.

கம்ப்ரசரை மறந்துவிடுவார்கள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. 7 பார் அழுத்தத்தில் அடைத்து, பழைய சூட்டுக்கே ஆறவிட்டால் அதில் 20 கிராம் திரவமாகிவிடும். நிமிடத்துக்கு 10 கன அடி காற்று இழுக்கும் ஸ்ப்ரே கன் என்றால் ஒரு மணி நேரத்தில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர், டேங்கிலும் ஹோஸிலும். டேங்கின் அடிக்குழாயைத் திறந்து வடித்துவிட்டுத் தொடங்குங்கள். வாட்டர் செபரேட்டரை கம்ப்ரசர் வாயில் மாட்டாமல், ஹோஸ் நீளம் தாண்டிக் காற்று ஆறிய இடத்தில் மாட்டுங்கள். படலத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் தெரிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

கலவை விகிதத்தை அளவுக் குவளையில் அளந்து எடுங்கள், கண்ணால் வேண்டாம். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்பது ஆல்கைட் காலத்து நம்பிக்கை. எபாக்ஸியில் கூடினாலும் குறைந்தாலும் மென்மையாகவே நின்றுவிடும். கலந்த பிறகு ஷீட் சொல்லும் நேரம் ஊறவிட வேண்டும். பல வகைகளில் அரை மணி. வெயில் காலத்தில் கலவையின் ஆயுள் மளமளவென்று குறையும் என்பதால் ஒரு தடவைக்கு 200 மி.லி.க்கு மேல் கலக்காதீர்கள். கன அளவில் திடப்பொருள் 40 சதவீதம் உள்ள கலவை லிட்டருக்கு 20 சதுர மீட்டர் வரும் என்பது காகிதக் கணக்கு. சின்னச் சின்ன ரிப்களில் பாதி காற்றோடு போகும், 10 என்று வையுங்கள். 1.3 மி.மீ. நாசில், ஒரு சாண் தூரம், ஒரே கோட்.

முகமூடி துணியோ காகிதமோ ஆகாது. கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்தது வேண்டும். குரோமேட் பூச்சை உலர்வாக ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

வரிசை இதுதான்: துளையிடு, பிசிறு எடு, டிம்பிள் (ரிவெட் தலை பதியும் குழி) அடி, அப்புறம் பிரைமர். காய்ந்த பூச்சின்மேல் டிம்பிள் அடித்தால் வளையும் இடத்தில் விரிசல் விழும். பெட்ரோல் டேங்கின் உட்புறமும், சீலன்ட் ஒட்டும் முகங்களும் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும். அங்கே மாஸ்கிங் டேப். எர்த் ஒயர் பிடிக்கும் இடமும் அப்படியே.

எந்த டப்பா வாங்கினாலும் முதல் கலவையை விமானத்தில் அடிக்காமல் கழிவுத் தகட்டில் அடியுங்கள். ஏழு நாள் கழித்து பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் ஒன்றுகூட வரக்கூடாது. எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த துணியால் ஐம்பது முறை தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டக்கூடாது. இன்னொரு துண்டில் உலோகம் தெரியும்வரை குறுக்கே ஒரு பெருக்கல் குறி கீறி, கொல்லைப்புறத்தில் நிறுத்தி, நாளுக்கு இருமுறை உப்புத் தண்ணீர் தெளித்து வாருங்கள். கூடவே பூச்சில்லாத துண்டு ஒன்றும், ஒப்பிட.

பூச்சுக்குப் பதிலாக ஏசிஎஃப்-50, கரோஷன்எக்ஸ் போன்ற எண்ணெய்களைச் சொல்பவர்களும் உண்டு. இவை பிரைமருக்குத் துணை. ரிவெட் இடுக்கிலும் தகட்டு மூட்டிலும் தானாக ஊர்ந்து நுழைவதில் எந்த பிரைமரும் இவற்றுக்கு நிகரில்லை. ஏற்கெனவே வெறுமையாக மூடிவிட்ட விமானத்துக்கு இதுவே ஒரே வழி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்; கடலோரத்தில் வருஷா வருஷம் அடித்தாலும் தப்பில்லை. ஆனால் வெளிப்பூச்சு முடிந்த பிறகுதான். முன்னாலேயே அடித்தால் ரிவெட் தலையைச் சுற்றி எண்ணெய் கசிந்து பெயிண்ட் ஒட்டாது, பெயிண்டருக்கும் உங்களுக்கும் சண்டை வரும்.